மண் ஏற்காதவர்கள்: இன்றைய ரஷ்யப் பெண் எழுத்தாளர்களின் புனைவில் ஆவிகளும் வரலாறும்

1930ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், விடிவதற்கு வெகு நேரம் முன்பு, தாத்தார் இனப் பெண்ணொருத்தி கணவன் விழித்துவிடாதபடி எழுந்து தன் வீட்டிலேயே திருடுகிறாள். பரணில் காயவைத்திருக்கும் பஸ்தீலாவில், அதாவது ஆப்பிள் கூழை உலர்த்திச் செய்த இனிப்புத் தகட்டில், ஒரு துண்டை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய்ப் பனியில் வீசுகிறாள். அந்த இனிப்பு ஊர் எல்லையில் குடியிருக்கும் ஆவிக்கான படையல். 'பாசு கப்கா இயாசே' என்பது அதன் பெயர். வயல் வாசலின் உடைமையாளர் என்று சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளலாம். அவளுடைய வேண்டுதலோ அந்த ஆவியிடம் இல்லை. இடுகாட்டு ஆவியான 'ஸிராத் இயாசே'யிடம் நேராகக் கேட்க அவளுக்குத் துணிவில்லை. ஆகவே ஊரெல்லை ஆவி தனக்காகப் பரிந்து பேச வேண்டும் என்று கேட்கிறாள். குழந்தைகளாகவே இறந்துபோன தன் நான்கு மகள்களின் புதைகுழிகளைப் பனியால் கதகதப்பாகப் போர்த்த வேண்டும், குறும்புக்காரக் காட்டு ஆவிகளான ஷுராலேக்களை அவற்றின் பக்கம் வரவிடாமல் விரட்ட வேண்டும் என்பதுதான் அவள் கோரிக்கை.

குஸேல் யாகினாவின் 'சுலைஹா கண் திறக்கிறாள்' என்ற நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. 2015இல் வெளிவந்த அந்த முதல் நாவல் அதே ஆண்டில் 'பெரிய நூல்', 'யாஸ்னயா பல்யானா' ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. தொடக்கக் காட்சியை இனவரைவியல் அலங்காரம் என்று வாசித்துவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால் சில பக்கங்கள் தள்ளி, தானியம் பறிமுதல் செய்ய வரும் குழுக்களுக்குப் பயந்து, சுலைஹாவும் கணவன் முர்தஸாவும் விதைத் தானியத்தை இடுகாட்டுக்குக் கொண்டுபோய் மூத்த மகளின் குழிக்குள்ளேயே ஒளித்துவைக்கிறார்கள். விடிகாலையில் ஆவியிடம் ஒப்படைத்த குழியை, பின்னர் அரசாங்கத்திடமிருந்து காப்பாற்றும் களஞ்சியமாக மாற்ற வேண்டிவருகிறது. திரும்பும் வழியில் முர்தஸா சுட்டுக் கொல்லப்படுகிறான். ஆவியும் அரசும் ஒரே குழியின் மீது உரிமை கோரும் இந்த இடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையின் பேச்சும் தொடங்குகிறது.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'ரஷ்ய' என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பதை ரஷ்ய மொழி இரண்டாகப் பிரிக்கிறது: 'ரூஸ்கி' என்றால் ரஷ்ய இனத்தையும் மொழியையும் சார்ந்தது, 'ரஸ்ஸீஸ்கி' என்றால் ரஷ்ய நாட்டைச் சார்ந்தது. யாகினா 1977இல் கசானில் பிறந்த தாத்தார். அலீசா கனியேவா தாகெஸ்தானில் வளர்ந்த அவார். நரினே அப்கார்யான் ஆர்மீனியாவின் பெர்த் ஊரில் பிறந்து மாஸ்கோவுக்குப் போனவர். மூவரும் எழுதுவது ரஷ்ய மொழியில். ஆகவே அவர்களுடைய நாவல்களில் வரும் வட்டார நம்பிக்கை ஒவ்வொன்றும் ஒரு மொழிபெயர்ப்பைக் கடந்துதான் தாளுக்கு வருகிறது. யாகினாவின் நாவலின் கடைசியில் தாத்தார் சொற்களுக்கான ஓர் அகராதி இணைக்கப்பட்டிருக்கிறது. பாட்டியின் சொற்களுக்குப் பேத்தியின் புத்தகத்தில் பின்னிணைப்பில்தான் இடம் கிடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அதன் பின்னால் உள்ள வரலாறு வேடிக்கையானதல்ல. அரபு எழுத்தில் எழுதப்பட்டுவந்த தாத்தார் மொழி 1920களின் இறுதியில் லத்தீன் எழுத்துக்கும், 1939இல் சிரிலிக் எழுத்துக்கும் மாற்றப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிகூட இல்லாமல் ஒரு சமூகத்தின் எழுத்து இருமுறை மாறினால், தாத்தா எழுதிவைத்ததைப் பேரன் படிக்க முடியாது. அப்போது எழுதாமல் சொன்னது மட்டுமே மிஞ்சும். நாட்டார் வழக்காறு அங்கே ஆவணத்தின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

நாட்டார் கதை என்றதும் சோவியத் காலத்து வண்ணப் படப் புத்தகங்களைத் தமிழில் வாசித்து வளர்ந்த தலைமுறைக்குக் கோழிக்கால் குடிசையும் அதில் வாழும் சூனியக்காரக் கிழவி பாபா யாகாவும் நினைவுக்கு வருவார்கள். அது 'ஸ்காஸ்கா' என்ற வகை. கேட்பவரும் சொல்பவரும் கற்பனை என்று ஒப்புக்கொண்டு பகிர்வது, எங்கோ ஓர் அரசாட்சியில் நடப்பது, பெரும்பாலும் திருமணத்தில் முடிவது. ரஷ்ய நாட்டுப்புறத்தில் இதற்கு இணையாக இன்னொரு வகை உண்டு. அதன் பெயர் 'பிலிச்கா'. நடந்தது என்று பொருள்படும் 'பில்' என்ற வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெலோஸெர்ஸ்க் வட்டார விவசாயிகளின் வாயிலிருந்து இந்தச் சொல்லை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸகோலவ் சகோதரர்கள் ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தார்கள். பிலிச்கா மிகச் சிறியது. சொல்பவர் தானோ தன் அத்தையோ அண்டைவீட்டாரோ கண்டதாகச் சொல்வது. களஞ்சியத்திலோ குளியல் அறையிலோ காட்டுப் பாதையிலோ ஓர் ஆவியைச் சந்தித்த செய்தி. அதில் வியப்பைவிட அச்சம்தான் மிகுதி. பெரும்பாலும் அதற்கு நல்ல முடிவும் இருக்காது. சுருங்கச் சொன்னால், ஸ்காஸ்கா ஒரு கதை, பிலிச்கா ஒரு சாட்சியம்.

இன்றைய ரஷ்யப் பெண் எழுத்தாளர்கள் நாட்டார் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான் என்பது என் வாசிப்பு. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1930, 1931 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேர் 'குலாக்குகள்' என்று, அதாவது வசதி படைத்த விவசாயிகள் என்று, முத்திரை குத்தப்பட்டுத் தனிக்குடியிருப்புகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் போய்விடும். வீட்டுக்குள் பேசியபோதும் யார், எந்த ஆணை, எந்த அலுவலகம் என்று பேசியதில்லை. 'ஒரு இரவு வந்தார்கள்', 'ஆற்றுக்கு அக்கரையில் விட்டார்கள்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். வினைமுதல் இல்லாத இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, வந்தவர்கள் மனிதர்களா வேறு எதுவுமா என்பதே தெளிவாக இருந்திருக்காது. யாகினாவின் பாட்டி ஏழு வயதில் பெற்றோருடன் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1946இல், திரும்பியவர். பேத்தி நாவலை எழுதத் தொடங்கியது அந்தப் பாட்டி இறந்த பிறகுதான்.

இந்தப் பெண்கள் நாட்டார் மரபை நாடியதில் ஒரு சங்கடமும் இருந்தது, ஏனென்றால் சோவியத் அரசு ஏற்கெனவே அதே மரபைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. வெண்கடல் கரையைச் சேர்ந்த மார்ஃபா க்ரியூகவா என்ற பாடகி பழைய வீரப்பாடல்களைப் பரம்பரையாகப் பாடிவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1930களில் நாட்டாரியலாளர்களின் துணையோடு லெனினைப் பற்றியும் ஸ்தாலினைப் பற்றியும் புதிய வீரப்பாடல்கள் கட்டினார். பழைய பாடல் 'ஸ்தாரினா' என்றால் இது 'நோவினா' ஆயிற்று. லெனின் இறந்தபோது கல்லாலான மாஸ்கோ முழுவதும் அழுததாக அவர் ஒரு பாடல் கட்டினார். ஒப்பாரியின் அத்தனை வாய்பாடுகளும் அதில் உண்டு. வடக்குப் பகுதியில் ஒப்பாரி பெண்களின் கலை. ஓனேகா ஏரிக் கரையின் இரினா ஃபெதோசவா பாடிய ஒப்பாரிகளைக் கேட்டெழுதி பார்சவ் 1872இலேயே நூலாக்கியிருந்தார். கிராமத்தில் இறந்தவருக்காக அழும் உரிமை பெற்றிருந்த குரலை அரசு தனக்கு எடுத்துக்கொண்டு, எவருக்காக அழலாம் என்ற பட்டியலையும் தானே தயாரித்தது என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம். அதே ஆண்டுகளில் லெனின்கிராத் சிறை வாசலில் மகனுக்காக வரிசையில் நின்ற அன்னா அக்மாதவா, கிரெம்ளின் கோபுரங்களின் கீழே நின்று ஊளையிட்ட பழங்காலச் சிப்பாய்களின் மனைவியரோடு தன்னை ஒப்பிட்டுக் கவிதை எழுதியபோது, அந்த உரிமையைத் திரும்பக் கேட்டார் என்று வாசிக்கலாம். அந்தக் கவிதையைத் தாளில் வைத்திருப்பதே ஆபத்து என்பதால் நெருங்கிய தோழிகள் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நாட்டார் பாடல் எப்படி வாழுமோ அப்படித்தான் அது வாழ்ந்தது.

பிற இனத்தாரின் மரபுகளுக்கு இன்னும் நுட்பமான வடிகட்டல் நடந்தது. விரல்களால் கூசவைத்தே ஆளைக் கொல்லும் காட்டு ஆவியான ஷுராலே, கப்துல்லா துகாயின் கவிதை வழியாகப் புகழ்பெற்று, 1945இல் கசானில் பாலே நடனமாக மேடையேறியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1944 ஆகஸ்டில், தாத்தார்களின் 'இதேகேய்' காவியத்தைக் கட்சியின் மத்தியக் குழு தீர்மானம் போட்டுக் கண்டித்தது. ஆவி நடனமாடலாம், ஆனால் அரசியல் நினைவைச் சுமக்கும் காவியம் கூடாது. சிறுபான்மை மக்களின் நாட்டார் மரபு ஆடையாகவும் ஆட்டமாகவும் மட்டும் அனுமதிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால், யாகினாவின் சுலைஹா ஷுராலேயை விரட்டச் சொல்லிக் கெஞ்சும் காட்சிக்கு வேறொரு கனம் வருகிறது. மேடையில் ஆடிய ஆவியை அவர் மறுபடி இடுகாட்டுக்கு அழைத்துவருகிறார்.

ஏன் இடுகாடு? இந்த எழுத்தாளர்களில் பலரும் ஏன் திரும்பத் திரும்பப் புதைகுழியருகே போய் நிற்கிறார்கள்? இதற்கு விடை தேட திமீத்ரி ஸெலேனின் என்ற இனவரைவியலாளர் 1916இல் வெளியிட்ட நூல் உதவுகிறது. கிழக்கு ஸ்லாவிய விவசாயிகள் இறந்தவர்களை இரு வகையாகப் பிரித்தார்கள் என்று அவர் காட்டினார். முதுமையில் இயல்பாக இறந்தவர்கள் 'பெற்றோர்' ஆகிறார்கள். அவர்களுக்கு நினைவு நாள் உண்டு, படையல் உண்டு. கொலையுண்டவர்கள், நீரில் மூழ்கியவர்கள், தூக்கிட்டுக்கொண்டவர்கள், திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்கள் என அகால மரணமடைந்தவர்கள் 'ஸலோஷ்னியே' எனப்பட்டார்கள். மண் அவர்களை ஏற்பதில்லை. ஆகவே அவர்களை மண்ணில் புதைக்காமல், பள்ளத்தில் கிடத்திக் கிளைகளாலும் பலகைகளாலும் மூடிவைத்தார்கள். அந்தப் பெயரே அப்படி மூடிவைப்பதிலிருந்து வந்தது. மீறிப் புதைத்தால் மழை பொய்க்கும் என்று பயந்து பிணத்தைத் தோண்டிச் சதுப்பு நிலத்தில் எறிந்ததும் உண்டு. விதிக்கப்பட்ட ஆயுள் முடியும் வரை அவர்கள் இறந்த இடத்திலேயே அலைவார்கள். ருசால்கா என்ற நீர்ப்பெண்களும் அவர்களிலிருந்தே தோன்றுகிறார்கள் என்பது ஸெலேனினின் வாதம்.

அந்த நூல் வெளிவந்த அடுத்த நாற்பது ஆண்டுகளில் ரஷ்யாவின் மண் ஏற்காதவர்களின் எண்ணிக்கை லட்சங்களில் பெருகியது. குழி எங்கே என்று தெரியாது, இறந்த தேதியும் பல நேரங்களில் பொய். 'கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டு' என்று உறவினருக்குச் சொல்லப்பட்ட தண்டனை, உண்மையில் ஏற்கெனவே சுட்டுக் கொல்லப்பட்டதைக் குறித்தது. அலெக்சாந்தர் எத்கிந்த் என்ற பண்பாட்டு வரலாற்றாளர், முறையாகத் துக்கம் அனுசரிக்கப்படாத இந்த மரணங்கள்தான் பிற்கால ரஷ்ய இலக்கியத்திலும் திரைப்படத்திலும் பேய்களாகவும் விநோத உயிர்களாகவும் திரும்பி வருகின்றன என்று வாதிட்டு, அப்போக்குக்கு மாய வரலாற்றியம் என்று பெயரிட்டார். அவருடைய வாதத்தோடு எனக்குப் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆனால் பேய்கள் வெறுமனே திரும்பி வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற நடைமுறை கிராமத்தில் இருந்தது. ஈஸ்டருக்குப் பிந்தைய ஏழாவது வாரத்தின் வியாழக்கிழமையான 'செமிக்' அன்று ஊர் கூடி, ஆண்டு முழுவதும் பொதுப் பள்ளங்களில் சேர்த்துவைக்கப்பட்ட இப்படிப்பட்ட பிணங்களுக்கு ஆடை உடுத்தி அடக்கம் செய்யும் வழக்கம் பழைய ரஷ்யாவில் இருந்தது. யாருடைய பிணம் என்று தெரியாவிட்டாலும் செய்தார்கள். இன்றைய நாவலாசிரியைகள் நாட்டார் மரபிடம் தேடிப் போவது இந்த நடைமுறையைத்தான். கணக்கில் வராத இறந்தவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்த அலுவலகத்திடமும் படிவம் இல்லாதபோது, பாட்டிகளிடம் ஒரு வழிமுறை இருந்தது.

இதை எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டவர் லுத்மீலா பெத்ரூஷெவ்ஸ்கயா. 1938இல் பிறந்து, 'மக்களின் எதிரிகள்' எனப்பட்ட குடும்பத்தின் பிள்ளையாகப் போர்க்காலப் பசியில் வளர்ந்த அவர், 1990இல் 'கிழக்கு ஸ்லாவியரின் பாடல்கள்' என்ற தலைப்பில் சில சிறுகதைகளை வெளியிட்டார். தலைப்பு ஏதோ பல்கலைக்கழக நாட்டாரியல் தொகுப்பு போல ஒலிக்கும். உள்ளே இருப்பவை மாஸ்கோ நகரத்துப் பிலிச்காக்கள். அவற்றில் ஒன்றில், போரில் இறந்து அடக்கமும் முடிந்த விமானி மனைவியைத் தேடி இரவில் வருகிறான். தான் இறக்கவில்லை, தப்பியோடி ஒளிந்திருப்பதாகச் சொல்கிறான். காட்டில் விட்டுவந்த தன் சீருடையைப் புதைத்துவிடு என்று கேட்கிறான். அவள் போய்ப் பள்ளத்தை மூடிவிட்டு வருகிறாள். பின்பு கனவில் வந்து, என்னைப் புதைத்ததற்கு நன்றி என்கிறான். மூன்று பக்கம்கூட வராத இந்தக் கதையில் ஆட்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. விளக்கமும் இல்லை, பேருந்து நிறுத்தத்தில் யாரோ யாரிடமோ சொல்வது போன்ற வறண்ட தொனி. ஆனால் ஸெலேனின் விவரித்த நம்பிக்கை முழுவதும் அதற்குள் இருக்கிறது: பெட்டியில் புதைக்கப்பட்டது அவனல்ல, அவன் இன்னும் காட்டில் கிடந்தான். இந்த வகையில் எழுதப்பட்டவற்றுள் இதை மிஞ்சிய ஒன்றை நான் இதுவரை வாசித்ததில்லை. பிற்கால நாவல்கள் ஐந்நூறு பக்கங்களில் செய்ய முயல்வதை இது ஒரு மண்வெட்டியால் செய்துவிடுகிறது.

யாகினாவின் நாவலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதன் மீதான சர்ச்சை நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. சுலைஹா சரக்கு ரயிலிலும் படகிலும் பல மாதங்கள் பயணம் செய்து, சைபீரியாவின் அங்காரா ஆற்றங்கரையில் இறக்கிவிடப்படுகிறாள். கணவனும், 'ரத்தக்காட்டேரிக் கிழவி' என்று அவள் மனதுக்குள் பெயரிட்டிருந்த மாமியாரும் இல்லாத அந்த இடத்தில் மகனைப் பெற்று, துப்பாக்கி ஏந்திக் காட்டில் வேட்டையாடும் பெண்ணாக மாறுகிறாள். கிராமத்தில் 'உர்மான்' என்று அஞ்சி ஒதுங்கிய காடு அவளுக்கு வேலையிடமாகிறது. நாடுகடத்தலே அவளுக்கு விடுதலை தந்ததாகக் கதை அமைந்திருப்பதையும், தாத்தார் கிராமம் இருண்டதாகவும் கொடியதாகவும் காட்டப்படுவதையும் தாத்தார் விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். 2020இல் அரசுத் தொலைக்காட்சியில் சுல்பான் கமாதவா நடித்து நாவல் தொடராக வந்தபோது தாத்தார்களும் முஸ்லிம் சமூகத்தினரும் எதிர்த்தார்கள். இன்னொரு பக்கம், சோவியத் வரலாற்றை இழிவுபடுத்துவதாகக் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். இரு முனைகளிலிருந்தும் அடி வாங்குவது ஒரு படைப்பின் நேர்மைக்குச் சான்று என்று சொல்லிவிடுவது வசதியானது, ஆனால் அது சோம்பேறித்தனமான வாதம். தாத்தார் விமர்சகர்களின் குற்றச்சாட்டில் பெருமளவு உண்மை இருக்கிறது. நாவலின் முதல் பகுதியில் உயிர்த்துடிப்போடு இருந்த ஆவிகள், அங்காரா கரையில் பயத்தோடு சேர்ந்து உதிர்ந்துபோகின்றன. நம்பிக்கையை இழப்பதே முன்னேற்றம் என்ற பழைய சோவியத் கதையமைப்பு அங்கே கமுக்கமாகத் திரும்பி வந்துவிடுகிறது.

ஆனாலும் நாவல் தன்னையே மறுக்கும் இடங்களும் அதில் உண்டு. இறந்துபோன மாமியார் காட்டுக்குள்ளும் அவளைத் துரத்தி வந்து சபித்துக்கொண்டேயிருக்கிறாள். புதைக்கப்படாத கிராமம் அந்தக் கிழவியின் உருவில் நடமாடுகிறது. குடியிருப்பின் பெயரிலும் இதே இரட்டைத்தன்மை இருக்கிறது. 'செம்ரூக்' என்றால் ரஷ்ய மொழியில் ஏழு கைகள்: ஒற்றைக்கையன் ஒருவனையும் சேர்த்து நான்கு பேருக்கு ஏழு கைகள் என்பதால் வந்த பெயர். சுலைஹாவோ மகனுக்குச் சொல்லும் கதையில் பறவைகளின் அரசனான செம்ருக் வருகிறது, அதாவது பாரசீக மரபின் சீமுர்க். அதிகாரியின் பதிவேட்டில் கைகளின் எண்ணிக்கை, தாயின் வாயில் பறவை. இறுதியில் மகன் யூசுஃப் தப்பிப் போவதற்காக, தளபதி இக்னாதவ் அவனுக்கு யோசிஃப் இக்னாதவ் என்று புதிய சான்றிதழ் எழுதித் தருகிறான். கணவனைச் சுட்டவனின் குடும்பப் பெயரை ஏந்தித்தான் மகன் உயிர் பிழைக்கிறான். இதை விடுதலை என்று படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை; யாகினாவுக்கும் முழுதாக ஒப்பியிருக்காது என்றே நினைக்கிறேன்.

2018இல் வந்த 'என் பிள்ளைகள்' என்ற அவருடைய அடுத்த நாவல் இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகச் சிந்திக்கிறது. இரண்டாம் கேத்தரினின் 1763ஆம் ஆண்டு அழைப்பை ஏற்று வோல்கா கரையில் குடியேறிய ஜெர்மானியர்களின் கதை அது. யாக்கப் பாக் என்ற கிராமப் பள்ளி ஆசிரியர், கிரிம் என்ற பண்ணையாரின் மகள் க்ளாராவுக்குத் திரைக்கு அப்பால் அமர்ந்து பாடம் சொல்கிறார். அவளைக் காதலித்து, இழந்து, பேச்சையும் இழக்கிறார். பிறகு அவளிடமிருந்து கேட்ட நாட்டார் கதைகளை எழுதிக் கட்சிக்காரர் ஹாஃப்மனிடம் கொடுக்கிறார். ஹாஃப்மன் அவற்றைச் சோவியத் பிரச்சாரத்துக்கு ஏற்பத் திருத்தி வெளியிடுகிறார். எழுதிய கதைகள் கிராமத்தில் பலிக்கத் தொடங்குகின்றன. முதலில் விளைச்சல் பொங்குகிறது. ஆனால் அந்த நாட்டார் கதைகளில் இருட்டும் உண்டு என்பது பாக்குக்குப் பின்னால்தான் உறைக்கிறது, கூட்டுப்பண்ணையாக்கத்தின் கொடுமைகள் தன் கதைகளின் முடிவுகளைப் போலவே வரும்போது. எத்தனை தூரம் ஓர் எழுத்தாளர் பொறுப்பு என்ற கேள்வியை க்ரியூகவாவின் நோவினாக்களோடு சேர்த்துவைத்து யோசித்தால் இந்த நாவலின் கசப்பு புரியும். 1941 ஆகஸ்ட் 28ஆம் தேதியிட்ட ஆணை ஒன்றால் வோல்கா ஜெர்மானியத் தன்னாட்சிக் குடியரசே இல்லாமல் போய், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள் என்பதை வாசகர் அறிந்தே படிக்கிறார். நாட்டார் கதையின் அமைப்பை உலகுக்கு விளக்கிய விளாதீமிர் புரோப் ஜெர்மானிய வம்சாவளியினர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாயக்கதையின் காட்டுக் குடிசையை இறந்தோர் உலகின் வாசல் என்று 1946இல் நூலெழுதிக் காட்டியவர் அவர்தான்.

மலைப்பகுதிகளிலிருந்து வரும் குரல்கள் வேறு. அப்கார்யானின் 'வானிலிருந்து மூன்று ஆப்பிள்கள் விழுந்தன' என்ற நாவல், நிலநடுக்கத்தாலும் பஞ்சத்தாலும் போராலும் வெறுமையாகி முதியவர்கள் மட்டுமே மிஞ்சிய ஓர் ஆர்மீனிய மலைக்கிராமத்தைப் பேசுகிறது. ஆர்மீனியக் கதைகள் முடியும்போது சொல்லப்படும் ஆப்பிள் வாய்பாட்டை அவர் நாவலின் அமைப்பாகவே ஆக்கியிருக்கிறார்: கண்டவருக்கு ஒன்று, சொன்னவருக்கு ஒன்று, கேட்டவருக்கு ஒன்று. சாட்சியத்துக்குத் தேவையான மூவரும் அதில் வந்துவிடுகிறார்கள். ஆயினும் அந்த நாவலின் இனிமை சில இடங்களில் துயரத்தின் மீது சர்க்கரைப் பாகாகப் படிகிறது என்பது என் குறை. தன் சொந்த ஊரான பெர்த்தின் போர்க்கால வாழ்க்கையை எழுதிய பிற்காலச் சிறுகதைகளில் அவரே அந்தப் பாகைத் துடைத்துவிட்டார்.

கனியேவாவிடம் இனிமைக்கு இடமே இல்லை. 2009இல் அவர் குல்லா கிராச்செவ் என்ற ஆண் பெயரில் அனுப்பிய குறுநாவல் இளம் எழுத்தாளர்களுக்கான 'தெப்யூத்' விருதை வென்றது. எழுதியவர் பெண் என்று மேடையில் தெரியவந்தபோது தாகெஸ்தானில் சலசலப்பு எழுந்தது. 2012இல் வந்த 'கொண்டாட்ட மலை'யில், காகசஸை ரஷ்யாவிலிருந்து பிரிக்க ஒரு மதில் எழுப்பப்படுவதாக வதந்தி பரவுகிறது. மதிலை யாரும் கண்டதில்லை, எல்லோரும் நம்புகிறார்கள். பழங்கதையின் கிராமமொன்று மலையுச்சியில் அவ்வப்போது தோன்றி மறைகிறது. அவருக்கு நாட்டார் மரபு புகலிடமாகத் தெரியவில்லை; வதந்தி, சோவியத் காலத்து மலைவாழ் நாவல், மதப் பிரசங்கம், பாட்டியின் கதை எல்லாம் ஒரே சந்தையில் கூவி விற்கப்படும் சரக்குகள். வட்டார மரபு என்றாலே உருகிவிடும் வாசகர்களுக்கு இவரை முதலில் படிக்கச் சொல்வேன்.

எவ்கேனியா நெக்ராசவா இந்த ஆவிகளைக் கிராமத்திலிருந்து அடுக்குமாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். 2018இல் வந்த 'கலேச்சினா-மலேச்சினா'வின் பெயர், கையில் குச்சியை நிறுத்திச் சமன்செய்துகொண்டே மாலை வர இன்னும் எத்தனை மணி என்று கேட்கும் பழைய சிறுவர் விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வாழும் காத்யா என்ற பள்ளிச் சிறுமிக்கு மாலை வருவதுதான் பிரச்சினை: பெற்றோர் களைத்துத் திரும்புவார்கள், பள்ளியின் அவமானம் வீட்டில் தொடரும். உயிரை விடத் துணியும் நாளில் அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கிகிமோரா வெளிவந்து அவளைக் காக்கிறது. மர அடுப்புக்குப் பின்னால் வாழ்ந்த வீட்டு ஆவி இப்போது எரிவாயு அடுப்புக்குப் பின்னால் வாழ்கிறது. வடரஷ்ய நம்பிக்கையில் கிகிமோரா என்பது சபிக்கப்பட்ட, திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளிலிருந்து உருவாவது. அதை அறிந்து வாசிக்கும்போது, செத்துப்போன ஒரு பிள்ளைதான் உயிரோடிருக்கும் பிள்ளையைக் காப்பாற்ற வந்திருக்கிறது என்று புரிகிறது. இங்கே கட்டாய உழைப்பு முகாமும் இல்லை, நாடுகடத்தலும் இல்லை. ஆனால் பெரியவர்கள் தாம் வாங்கிய அடியைத் தம்மை அறியாமலே கீழே கடத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் ஒலிக்கிறது. பிற்பாடு வந்த 'தோல்' என்ற நாவலில், ரஷ்யப் பண்ணையடிமைப் பெண் தோம்னாவும் அமெரிக்காவில் அடிமையான கறுப்பினப் பெண் ஹோப்பும் தம் தோலை மாற்றிக்கொள்கிறார்கள். 1861 வரை நீடித்த பண்ணையடிமை முறையைத் தேசியத் துயரமாக எழுத ரஷ்ய இலக்கியம் ஏன் இவ்வளவு தயங்கியது என்று கேட்கும் துணிச்சலுக்காகவே அதை மதிக்கிறேன். தோல் மாறும் காட்சியில் உவமை கொஞ்சம் இழுத்துக் கட்டப்பட்டிருந்தாலும்.

நாட்டார் ஆவிகளை நாவலுக்குள் கொண்டுவருவதில் ஓர் ஆபத்து இருப்பதை மறைக்கக் கூடாது. ஆவிக்குக் கையெழுத்து இல்லை. வந்தது ஷுராலே என்றோ விதி என்றோ எழுதிவிட்டால், ஆணையில் கையொப்பமிட்டவர் வரலாற்றிலிருந்து நழுவிவிடுவார். சோவியத் அடக்குமுறைக்குப் பலியானவர்களின் பெயர்களைச் சேகரித்து வைத்திருந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்கும்படி ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 28 அன்று தீர்ப்பளித்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. பெயர்ப் பட்டியல் இருக்கும்வரை பேய்க்கதை அதற்குத் துணை நிற்கும்; பட்டியல் இல்லாமற்போனால் பேய்க்கதை மட்டும் தனியே நிற்கும்.

ஒக்சானா வஸ்யாகினாவின் 'காயம்', 2021இல் வெளிவந்தது. அதில் எந்த ஆவியும் வருவதில்லை. 1989இல் அங்காரா ஆற்றங்கரையின் உஸ்த்-இலீம்ஸ்க்கில் பிறந்த ஆசிரியை, வோல்கா கரையிலுள்ள வோல்ஷ்ஸ்கி நகரில் புற்றுநோயால் இறந்த தொழிலாளியான தன் தாயின் சாம்பலை எடுத்துக்கொண்டு சைபீரியா வரை போன பயணத்தை எழுதியிருக்கிறார். உஸ்த்-இலீம்ஸ்க் நீர்மின் அணைக்காகக் கட்டப்பட்ட நகரம். அங்காராவின் அணைகள் கரையோரக் கிராமங்களையும் அவற்றின் இடுகாடுகளையும் மூழ்கடித்தவை. சுலைஹாவை இறக்கிவிட்டதும் அதே ஆற்றின் கரையில்தான். சாம்பல் கலசத்தை விமானத்தில் கொண்டுபோக எந்தச் சான்றிதழ் வேண்டும், ஊர் போய்ச் சேரும்வரை அதை வாடகை அறையில் எங்கே வைப்பது, உறைந்த மண்ணில் குழி வெட்ட யாரிடம் கேட்பது என்பவைதான் அந்த நூலை நகர்த்தும் கேள்விகள். மகள் ஒவ்வொன்றாக விசாரித்து, காத்திருந்து, கடைசியில் தாயை அவள் வாழ்ந்த ஊரின் மண்ணில் வைத்துவிடுகிறாள்.